உதறும் காரும் உதார் விடும் சர்வீஸ் சென்டரும்

நம்ம ஊர்ல கார் ரிப்பேர் பண்றதுன்னு ஒரு தொழிலே இப்போ கிடையாது. பார்ட் மாத்துறதுன்னு ஒரு தொழில்தான் இருக்கு. கோபப்பட்டுக் கல்லை எடுக்காதீங்க மக்களே, முழுசாச் சொல்லிடறேன். விதிவிலக்கான ஆளுங்க இருக்காங்க, அவங்களும் கீழே வருவாங்க. ஆனா கண்ணாடிக் கதவு, ஏசி ஹால், காபி மெஷின், டை கட்டின பையன்னு இருக்கிற இடங்கள்ல நடக்கறதுக்குப் பேரு ரிப்பேர் இல்லை. என்ன வியாதின்னு கண்டுபிடிக்காமலே ஒவ்வொரு மாத்திரையாக் குடுத்துப் பாக்கறது. மாத்திரைக்குக் காசு நீங்க குடுக்கணும். வியாதி போச்சுன்னா அவங்க கெட்டிக்காரங்க. போகலைன்னா உங்க வண்டி பழசு.

இதைச் சொல்ல நான் எடுத்துக்கிற கேஸ், காலையில முதல் ஸ்டார்ட்ல இன்ஜின் உதறுறது. ஏன்னா இந்த ஒரு கம்ப்ளெயின்ட்லதான் இவங்க வண்டவாளம் முழுசாத் தண்டவாளம் ஏறும்.

அப்பாவோட கார். கோயமுத்தூர்ல இருக்கு. 2014 மாடல், பெட்ரோல், நாலு சிலிண்டர் ஹேட்ச்பேக், 92,000 கிலோமீட்டர் ஓடினது. போன மார்கழியில காலையில சாவியைத் திருப்பினா ஒரே உதறல். ஐடில் ஏறி இறங்கும், சைலன்சர்ல 'புக் புக்'னு சத்தம், லேசாக் கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை. முப்பது நாப்பது செகண்ட் ஆட்டம் போட்டுட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி சாதுவா ஓட ஆரம்பிச்சுடும். அதுக்கப்புறம் நாள் முழுக்க எத்தனை தடவை நிறுத்தி ஸ்டார்ட் பண்ணாலும் வெண்ணெய் மாதிரி எடுக்கும். மறுநாள் காலையில மறுபடி அதே கூத்து.

அப்பா கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனார் (எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை. எல்லா இடத்திலும் இதே கதைதான், ஒருத்தரை மட்டும் திட்டி என்ன ஆகப்போகுது). காலையில ஒன்பதரைக்கு வண்டியை விட்டார், சாயங்காலம் எஸ்டிமேட் வந்துச்சு. நாலு ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர் க்ளீனிங், த்ராட்டில் பாடி க்ளீனிங், இன்ஜின் டீகார்பனைசிங், இன்ஜின் ஃப்ளஷ். மொத்தம் 14,800 ரூபாய். இதோட நின்னிருந்தாலாவது பரவாயில்லை. கடைசியா ஒரு வரி வாய்மொழியா வந்துச்சு: "சார், கம்ப்ரஷன் வீக் மாதிரி தெரியுது. இதுல சரியாகலைன்னா இன்ஜின் ஓப்பன் பண்ணணும், நாப்பது அம்பதாயிரம் ஆகும். பேசாம எக்ஸ்சேஞ்ச்ல போட்டுருங்க சார், நம்மகிட்டயே நல்ல ஆஃபர் ஓடுது."

ரிட்டயர் ஆன மனுஷன். ராத்திரி போன் பண்ணி, "வித்துடலாமாப்பா, இன்ஜின் போச்சுங்கறாங்க"ன்னு கேட்டார். நான் அப்படியே வெச்சிருங்கன்னு சொல்லிட்டு, ஆணி பிடுங்குறதுக்குக் கொஞ்சம் லீவு விட்டுட்டு கிறிஸ்துமஸ் வாரத்துல ஊருக்குப் போனேன்.

நிற்க. கதையை அப்புறம் முடிக்கறேன். முதல்ல அந்த எஸ்டிமேட்டைக் கொஞ்சம் உத்துப் பாருங்க.

வண்டி காலையில ஒன்பதரைக்கு உள்ளே போயிருக்கு. வீட்டுல இருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் போயிருக்கார். இன்ஜின் முழுச் சூடு. சாயங்காலம் வரைக்கும் அங்கேயும் இங்கேயும் நகர்த்தி, லிஃப்ட்ல ஏத்தி இறக்கி, குறைஞ்சது அஞ்சு தடவையாவது ஸ்டார்ட் பண்ணியிருப்பாங்க. கம்ப்ளெயின்ட் என்ன? ராத்திரி பூரா நின்னு ஆறின இன்ஜின் காலையில உதறுது. அந்த உதறலை அந்த சர்வீஸ் சென்டர்ல ஒரு மனுஷனாவது கண்ணால பார்த்தாரா? வாய்ப்பே இல்லை. வியாதியைப் பாக்காமலே மருந்துச் சீட்டு.

நம்ம தொழில்ல ஒரு பக் ரிப்போர்ட் வந்தா முதல் கேள்வி, "உன் மெஷின்ல வருதா?"ங்கறதுதான். வரவழைச்சுப் பாக்காம கோட்ல கை வெச்சா டீம் லீட் டவுசரைக் கிழிச்சுடுவார். இங்கே வரவழைச்சுப் பாக்க ஒரு ராத்திரி வேணும், அவ்வளவுதான். "வண்டியை இன்னிக்கு நைட் விட்டுட்டுப் போங்க சார், காலையில நாங்களே முதல் ஸ்டார்ட் போட்டுப் பாக்கறோம்" - இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ற சர்வீஸ் சென்டரை நீங்க பார்த்திருந்தா உங்களுக்குக் கோயில் கட்டலாம்.

ஏன் ஆறின இன்ஜின் இவ்வளவு முக்கியம்னு கொஞ்சம் சொல்லிடறேன். இது தெரியாமத்தான் நாம ஏமாறுறோம். பெட்ரோல் திரவமா எரியாது, ஆவியாத்தான் எரியும். இன்ஜின் ஆறியிருக்கும்போது தெளிக்கிற பெட்ரோல்ல ஒரு பங்கு ஆவியாகாம சுவர்ல ஒட்டிக்கும். அதனால கம்ப்யூட்டர் வழக்கத்தை விட அதிகமாத் தெளிக்கும், ஐடிலையும் தூக்கி வைக்கும். எவ்வளவு அதிகம்னு முடிவு பண்ண அது முக்கியமா நம்புறது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை. வெளிய போற புகையை மோந்து பார்த்து 'கூடப் போச்சு, குறைஞ்சு போச்சு'ன்னு திருத்தம் சொல்ற ஆக்சிஜன் சென்சார் அப்போ தூங்கிட்டு இருக்கும். அது சுமார் 300 டிகிரிக்கு மேல சூடானாத்தான் வேலையே செய்யும். ஆக முதல் அரை நிமிஷம் இன்ஜின் கண்ணைக் கட்டிக்கிட்டு ஓடுது. சின்னக் குறை ஏதாவது இருந்தா அந்த அரை நிமிஷத்துல பல்லைக் காட்டும். சூடானதும் திருத்தம் போட்டு கம்ப்யூட்டரே மூடி மறைச்சுடும். சர்வீஸ் சென்டருக்குப் போற வண்டி, மூடி மறைச்ச வண்டி.

சரி, அந்த அரை நிமிஷத்துல யாரெல்லாம் குற்றவாளியா இருக்கலாம்? பேட்டரி, பிளக், காயில், கூலன்ட் சென்சார், அழுக்கான த்ராட்டில், எங்கேயோ காத்து இழுக்கிற வேக்வம் ட்யூப், ராத்திரியில பிரஷர் இறங்கிப் போற பெட்ரோல் லைன், ஒழுகுற இன்ஜெக்டர், ஹெட் கேஸ்கட் வழியா சிலிண்டருக்குள்ள கசியற கூலன்ட். பெரிய லிஸ்ட்தான். ஆனா ஒவ்வொருத்தனுக்கும் ஒரு அடையாளம் இருக்கு. வெள்ளைப் புகையும் இனிப்பு வாடையும் வந்தா கூலன்ட். சாவியை ஆன்ல ரெண்டு மூணு செகண்ட் வெச்சு ஆஃப் பண்ணி, இப்படி மூணு தடவை பண்ணிட்டு அப்புறம் செல்ஃப் அடிச்சா நல்லா எடுக்குதா? அப்போ ராத்திரியில பெட்ரோல் பிரஷர் இறங்குது. சாவியைப் போடும்போதெல்லாம் பம்ப் ரெண்டு செகண்ட் ஓடிப் பிரஷர் ஏத்தும், அந்தத் தந்திரம்தான் இது. செலவு பூஜ்யம். இந்த அடையாளங்களைப் பாக்கறதுக்குப் பேருதான் டயக்னாசிஸ்.

இப்போ கதைக்கு வரேன். கையில இருந்தது ஒரு மல்டிமீட்டர், ப்ளூடூத் ஸ்கேனர் ஒண்ணு (இஎல்எம்327ன்னு தேடினா ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்குள்ள வரும்), ஒரு பிளக் ஸ்பேனர். இந்த வேலையில பொறுமையைச் சோதிக்கிற விஷயம் ஒண்ணுதான். டெஸ்ட் கேஸை ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் ரன் பண்ண முடியும். ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிட்டா அவ்வளவுதான், அடுத்த சான்ஸ் நாளைக் காலையில. அதனால ராத்திரியே, நாளைக்கு எதைப் பாக்கணும், என்ன வந்தா என்ன அர்த்தம்னு எழுதி வெச்சுக்கணும்.

முதல் நாள் காலை ஆறு மணி. பேட்டரி 12.5 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10.4க்குக் கீழே போகலை. பேட்டரி நிரபராதி. சாவி ஆன்ல ஸ்கேனரைப் பார்த்தா கூலன்ட் 19 டிகிரி, உள்ளே போற காத்து 20 டிகிரி. ராத்திரி பூரா நின்ன வண்டியில இந்த ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். இருந்துச்சு. சென்சாரும் நிரபராதி. சாவியை மூணு தடவை ஆன் ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணேன். உதறல் அப்படியே. ஆனா உதறி முடிச்சதும் ஸ்கேனர்ல 'பெண்டிங்' பக்கத்துல ஒரு கோடு உக்காந்திருந்துச்சு: பி0303. மூணாவது சிலிண்டர் மிஸ்ஸிங்.

இந்த பெண்டிங் சமாச்சாரம் முக்கியம். டாஷ்போர்டுல மஞ்ச விளக்கு எரியணும்னா அதுக்குன்னு வெச்ச நிபந்தனைப்படி தப்பு திரும்பத் திரும்ப வரணும். அது வரைக்கும் கம்ப்யூட்டர் ஓரமாக் குறிச்சு வெச்சுக்கும், வாயைத் திறக்காது. விளக்கு எரியலை, அதனால "ஸ்கேன் பண்ணோம் சார், எரர் எதுவும் இல்லை"ன்னு அப்பாகிட்ட சொல்லி அனுப்பிட்டாங்க. அந்தப் பக்கத்தைத் திறந்து பாக்கணும்னு ஒருத்தருக்கும் தோணலை. அவங்க ஸ்கேனர் என்னோடதை விட நூறு மடங்கு விலை. என்ன பிரயோஜனம்?

ரெண்டாம் நாள். ஆக்ஸிலேட்டரைத் தரையோட மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிச்சேன். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகள்ல இப்படிப் பண்ணா கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திடும். 'உள்ளே பெட்ரோல் மிதக்குது, வெறும் காத்தை விட்டுக் காய வை'ன்னு சொல்ற சைகை. மூணு செகண்ட் அப்படிச் சுத்தவிட்டு, காலை எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணா உதறல் பாதிக்கு மேல குறைஞ்சு போச்சு. ஆக பெட்ரோல் பத்தாததால வர்ற வியாதி இல்லை. மூணாவது சிலிண்டர்ல ராத்திரியோட ராத்திரியா பெட்ரோல் நிறையுது.

மூணாம் நாள் ஸ்டார்ட் பண்ணவே இல்லை. நாலு பிளக்கையும் கழட்டினேன். ஒண்ணு, ரெண்டு, நாலு காஞ்சு போய் இளம் பழுப்பு நிறத்துல அழகா இருந்துச்சு. மூணு கறுப்பா, ஈரமா, மோந்து பார்த்தா பங்க்ல நிக்கற மாதிரி வாடை. பிளக்கோ காயிலோ சரியா எரிக்காததால ஈரமா, இல்லை ஈரமா இருக்கறதால எரியலையா? அதுக்கு மூணாவது சிலிண்டரோட பிளக்கையும் காயிலையும் ஒண்ணாவதுக்கு மாத்திப் போட்டேன். (ஒரே நேரத்துல ரெண்டை மாத்தலாமாடான்னு கேட்பீங்க. தப்பு ஒண்ணாவதுக்கு நகர்ந்தா எதுன்னு பிரிக்க இன்னொரு நாள் ஆகும். நகரலைன்னா ஒரே ராத்திரியில ரெண்டு பேரும் விடுதலை.) நாலாம் நாள் காலையில மறுபடியும் பி0303. ரெண்டு பேரும் விடுதலை. மிச்சம் இருக்கிற முதல் சந்தேகம் இன்ஜெக்டர்.

இன்ஜெக்டரைக் கழட்டறது எனக்குச் சரிப்படாது, பெட்ரோல் பிரஷரோட விளையாடற சமாச்சாரம். கணபதி பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார். தகரக் கொட்டகை, ஒரு பையன், அவ்வளவுதான் கடை. என் நோட்டை வாங்கி ஒரு தடவை படிச்சார். "பிளக்கைக் கழட்டறப்ப மூணாவது மட்டும் ஈரமா இருந்துச்சுங்களா தம்பி?"ன்னு ஒரே ஒரு கேள்வி. ஆமாண்ணே. "அப்ப மூணையும் ரெண்டையும் மாத்திப் போட்டர்றேன். காலைல பாத்துப்போட்டு எனக்குப் போன் பண்ணுங்க. கழட்டறப்பவே கம்ப்ரஷனும் பாத்தர்லாமுங்க." கம்ப்ரஷன் கேஜ் வெச்சு நாலு சிலிண்டரையும் பார்த்தார். இருபது நிமிஷ வேலை. நாலும் 175ல இருந்து 185 பிஎஸ்ஐக்குள்ள. அம்பதாயிரத்துக்கு ஓப்பன் பண்ணச் சொன்ன இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு. அந்தக் கேஜைத்தான் டை கட்டின பையன் இருக்கிற இடத்துல யாரும் வெளிய எடுக்கலை. 'வீக் மாதிரி தெரியுது'ன்னு சொல்றதுக்குக் கேஜ் எதுக்கு?

அஞ்சாம் நாள் காலை. பி0302. தப்பு இன்ஜெக்டர் கூடவே ரெண்டாவது சிலிண்டருக்குக் குடி மாறிடுச்சு. நாலு காலையா காத்திருந்து இந்த ஒரு நம்பர் மாறினதைப் பார்த்தப்போ வந்த சந்தோஷம் இருக்கே, ப்ரொடக்‌ஷன் பக்கைப் பிடிச்சவனுக்குத்தான் அது புரியும் :-)

அண்ணன் அந்த இன்ஜெக்டரை டெஸ்ட் பெஞ்ச்ல மூணு பார் பிரஷர்ல மாட்டினார். மூடியிருக்க வேண்டிய நேரத்துல மூக்கு நுனியில பெட்ரோல் துளி துளியா சேர்ந்து சொட்டுச்சு. அல்ட்ராசோனிக்ல க்ளீன் பண்ணியும் சொட்டறது நிக்கலை. புது இன்ஜெக்டர் ஒண்ணு 2,850, ஓ-ரிங் 320, பெஞ்ச்சுக்கு 400, கூலி 900. ஆயில்ல பெட்ரோல் வாடை அடிச்சதால ஆயிலும் ஃபில்டரும் 2,100. மொத்தம் 6,570 ரூபாய். மறுநாள் காலையில அப்பா சாவியைத் திருப்பினார், உதறல் இல்லை. மாசங்கள் ஆச்சு, இன்னும் இல்லை.

"சரிடா, எட்டாயிரம் மிச்சம், அதுக்கு ஏன் இவ்வளவு குதிக்கிறே"ன்னு கேட்கலாம். பணம் இல்லை என் பிரச்சினை. அந்த 14,800 ரூபாய் வைத்தியத்தைப் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்? இங்கேதான் சூட்சுமமே இருக்கு. வண்டி சரியாகியிருக்கும். ஆமா, சரியாகியிருக்கும், ரெண்டு மூணு வாரத்துக்கு. புத்தம் புது பிளக் கொஞ்சம் ஈரத்திலயும் பொறியைத் தட்டிடும். உதறல் குறைஞ்சிருக்கும். அப்பா 'பரவாயில்லை, நல்ல சர்வீஸ்'னு அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பார். உள்ளே இன்ஜெக்டர் மட்டும் ராத்திரி ராத்திரியா சொட்டிக்கிட்டே இருந்திருக்கும். அந்தப் பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவி விடும், கீழே இறங்கி ஆயிலை நீர்க்கப் பண்ணும், எரியாமப் போனது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்ல போய் எரிஞ்சு அதைச் சூடாக்கும். கொஞ்ச காலத்துல நிஜமாவே கம்ப்ரஷன் போயிருக்கும். அப்போ அந்தப் பையன், "நான்தான் அப்பவே சொன்னேனே சார்"னு சொல்லியிருப்பான். தீர்க்கதரிசி!

பார்ட் மாத்துற பொழப்பு இவ்வளவு வருஷமா ஓடறதுக்குக் காரணம் வெறும் திருட்டு இல்லை. தப்பான ரிப்பேரும் கொஞ்ச நாளைக்கு வேலை செய்யுது. அதுதான் காரணம். முழுசா வேலை செய்யலைன்னா நாமே அடிக்கப் போயிருவோமே.

அடுத்த பம்மாத்து, எத்தனால். "இப்ப பெட்ரோல்லயே இருபது பர்சன்ட் எத்தனால் சார், எல்லா வண்டியும் இப்படித்தான்"னு அந்தப் பையன் அப்பாகிட்ட இதையும் சொல்லியிருக்கான். இ-20 மேல எனக்குக் குறையே இல்லைன்னு நினைக்காதீங்க. 2014 வண்டி அதுக்காகச் செஞ்ச வண்டி இல்லை, 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளுக்குத்தான் அந்தக் கணக்கு. எத்தனால்ல லிட்டருக்குச் சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி, மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கத்தான் செய்யும். ஆவியாக அதிகச் சூடும் கேட்கும், குளிர்ல ஸ்டார்ட் ஆக அது எதிரிதான். எல்லாம் சரி. ஆனா ஒரே டேங்க்ல இருந்து நாலு சிலிண்டருக்கும் போற எத்தனால், மூணாவது பிளக்கை மட்டும் எப்படி ஈரமாக்கும்? நாலு பிளக்கைக் கழட்டிப் பார்த்தா ஒரு நிமிஷத்துல செத்துப் போற வாதம். கழட்டிப் பாக்காததால மட்டுமே உயிரோட சுத்துது. ஒரு காலத்துல 'கலப்பட பெட்ரோல் சார்'னு சொன்ன வாய்தான் இப்ப 'எத்தனால் சார்'ங்குது.

சர்வீஸ் சென்டர்ல இருக்கிற பசங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. கூடப் படிச்சவன் ஒருத்தன் இப்படி ஒரு இடத்துல சர்வீஸ் அட்வைசரா ரெண்டு வருஷம் இருந்தான். பி.இ. மெக்கானிக்கல். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு அவனுக்குக் குடுத்தது டார்கெட் ஷீட். டீகார்பனைசிங் மாசத்துக்கு இத்தனை, ஏசி க்ளீனிங் இத்தனை, கோட்டிங் இத்தனை. எத்தனை வண்டியோட வியாதியைச் சரியாக் கண்டுபிடிச்சேங்கிற காலமே அந்த ஷீட்ல கிடையாதுன்னான். அப்படி இருக்க, அவன் எதுக்கு ராத்திரி வண்டியை நிறுத்திக் காலையில பானெட்டைத் திறக்கணும்?

இதுல நம்ம பங்கு ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நியாயம் இல்லை. பில்லுல 'பழுது கண்டறிதல், ரெண்டு மணி நேரம், 1,500 ரூபாய்'னு ஒரு வரி வந்தா நம்மாளு என்ன பண்ணுவார்? "பார்த்ததுக்கு எல்லாம் காசா?"ன்னு மேனேஜரைக் கூப்பிடுவார். அதே ஆளு தலைவலின்னு போனா கன்சல்டேஷனுக்கு அறுநூறு, ஸ்கேனுக்கு ஏழாயிரம் குடுத்துட்டு, "நல்லவேளை, ஒண்ணும் இல்லை"ன்னு சாமிக்குத் தேங்காய் உடைப்பார். கார்ல மட்டும் கையில தொட்டுப் பாக்கற மாதிரி ஒரு பார்ட், அட்டைப்பெட்டியில பழசு, இது இருந்தாத்தான் காசு குடுக்க மனசு வருது. மூளைக்குக் காசு இல்லை, இரும்புக்குத்தான் காசுன்னு நாம சொன்னா, அவங்க இரும்பை வித்துத்தான் மூளைக்குச் சம்பளம் எடுப்பாங்க. அப்புறம் மூளையே எதுக்குன்னு தோணிடும். கணபதி அண்ணன் கூலின்னு கேட்டது 900. கண்டுபிடிச்சதுக்குன்னு எதுவும் கேட்கலை. கேட்கத் தெரியாத பழக்கத்தை அவருக்குக் குடுத்ததும் நாமதான்.

அந்த மாதிரி ஆளுங்களுக்கு இன்னொரு இடி. புது வண்டிகள்ல கம்ப்யூட்டரோட பேசற கருவியையும் ஒரிஜினல் பார்ட்டையும் கம்பெனிகள் தங்களோட டீலர்களுக்குள்ளயே பூட்டி வெச்சுக்கறாங்க. இது என் புலம்பல் மட்டும் இல்லை. 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் இதே காரணத்துக்காக 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. பார்ட்டையும் டயக்னாஸ்டிக் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் திறந்து விடுங்கன்னு உத்தரவு. கம்பெனிகள் அப்பீல், கோர்ட்டுன்னு போனாங்க. 2022 ஜூலைல நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு கமிட்டி போட்டுச்சு, அதுல காரும் ஒரு பிரிவு. சட்டமா வர்ற வரைக்கும் தகரக் கொட்டகை அண்ணன், பதினோரு வருஷப் பழைய வண்டியில காட்டின வித்தையை நேத்து வாங்கின வண்டியில காட்ட முடியாது. கை, மூளை ரெண்டும் இருந்தும் சாவி இல்லாத ஆளா நிக்கணும்.

"உனக்கு அஞ்சு நாள் லீவு இருந்துச்சு, எங்களுக்கு ஏது நேரம்"னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. உங்களை ஸ்பேனர் எடுக்கச் சொல்லலை. வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விட்டுட்டு, காலையில முதல் ஸ்டார்ட் போடும்போது மொபைல்ல வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. எஸ்டிமேட்ல இருக்கிற ஒவ்வொரு வரிக்கும், "எந்த டெஸ்ட்ல இது போச்சுன்னு தெரிஞ்சது, ரீடிங் என்ன?"ன்னு கேளுங்க. டெஸ்ட்டுக்குத் தனியாக் காசு கேட்டா முகம் சுளிக்காமக் குடுங்க. ரீடிங் இல்லாத வரியை அடிச்சுடுங்க. மொத்தமாப் பத்து நிமிஷம் ஆகும். அப்பாவோட எஸ்டிமேட்ல இப்படி அடிச்சிருந்தா பேப்பர்ல லெட்டர்ஹெட் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

பி.கு. 1: டீசல் வண்டிக்காரங்க மேல சொன்ன பிளக், காயில் எதையும் தேடாதீங்க, அது உங்ககிட்ட கிடையாது. காலையில வெள்ளைப் புகையோட உதறினா முதல்ல க்ளோ பிளக்கை மல்டிமீட்டர்ல பாருங்க. நல்லதுன்னா ஒரு ஓம் பக்கம் காட்டும். செத்ததுன்னா பெரும்பாலும் ஓப்பனாக் காட்டும். அதுக்கும் இன்ஜினை ஓப்பன் பண்ணணும்னு யாராவது சொன்னா எஸ்டிமேட்டைக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்லுங்க.

பி.கு. 2: சர்வீஸ் சென்டர்ல இருந்து அப்பாவுக்கு எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போன் இன்னும் வாரத்துக்கு ரெண்டு வருது. "வண்டி நல்லா ஓடுதுங்க"ன்னு சொல்லிப் பார்த்தாராம். "எதுக்கும் ஒரு தடவை கொண்டு வாங்க சார், ஃப்ரீயா செக் பண்ணித் தரோம்"னாங்களாம்.